செப்புக் குடத்தின் மறைவில்

1

இக்குறிப்பை எழுதாமலே விட்டுவிடலாம் என்று ஒன்பது மாதம் இருந்தேன். இப்போது எழுதியாக வேண்டிய நிலை வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் என்னைப் பற்றி நல்ல விதமாக ஒரு பொய் உலவுகிறது. அது தீய விதமான பொய்யாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டு வாளா இருந்திருப்பேன்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் தம் மகளைக் காண அமெரிக்கா வந்தவர், சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒம்ம அக்கா கோமதி டீச்சர் முதியோர் இல்லத்துக்குப் போனதுக்கு ஒம்மக் கொறை சொல்லுதவன் யாரா இருந்தாலும் செய்யது பாய் சண்டைக்குப் போயிருதாரு வே. 'வாத்தியாரய்யா வாரேன்னுதான் கம்ப்யூட்டர்ல அடிச்சாரு, சவத்து லைனு சரியில்ல, இங்கன வந்து சேரல'ங்காரு. மெஷினு செஞ்ச வேலைக்கு நீரு என்ன செய்வீரு?"

நான் தலையை அசைத்தேன். அவரும் மனநிறைவோடு காப்பியைக் குடித்தார்.

அந்தத் தலையசைப்புத்தான் என்னை எழுத வைக்கிறது. அங்கே இணைய மையம் நடத்தும் செய்யது பாய் நல்லவர். அவர் சொல்வது உண்மையன்று. அக்கா கடைசியாகக் கேட்ட அன்று காலை என் கணினியில் பழுது எதுவும் இல்லை. இருந்த பழுது முந்தின நாளே நீங்கிவிட்டது. முப்பது ஆண்டு ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடு குறித்தவன் நான். எந்தச் சொல் எந்த ஏட்டில் எப்போது புகுந்தது என்று பிறர் நூல்களில் தேடித் தேடிக் கண்டவன், என் கதையில் புகுந்த இடைச்செருகலைக் கண்டும் காணாமல் இருப்பது முறையன்று.

2

கோமதி அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி மறைந்தபின் ஐந்தாண்டுக் காலம் என் வீட்டை அவர்தாம் நடத்தினார். மகன் என்னை இங்கு அழைத்தபோது, போகலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அப்போதே அவருக்குச் செவி ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. தாளில் எழுதித்தான் கேட்டேன்.

"போலே. ஒம் பிள்ளை கூப்பிடுதான், நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? ஆனா ஒண்ணு. நான் எதாவது கேட்டேன்னா ஒடனே பதில் சொல்லிரணும். ஆமாவோ இல்லையோ. கணக்குல நான் யாருக்கும் ரெண்டு நாள் தவணை குடுத்தது கெடையாது."

சரி என்று எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை அவர் மடித்து வைத்துக்கொண்டார்.

புறப்படும் நாளில் ஒரு படி கொள்ளும் செப்புக் குடத்தில் பொருநை ஆற்று நீரைத் தாமே படித்துறையில் முகந்து, வாயை ஈயத்தால் அடைக்கச் செய்து கையில் கொடுத்தார். ஆற்றங்கரைக் குடும்பங்களில் வெளியூர் போகிறவருக்கு அப்படிக் கொடுப்பதுண்டு. அந்தக் குடத்தைத் தரையில் வைக்கலாகாது. அடுக்களையில் வைக்கலாகாது. அதன் பக்கம் காலை நீட்டிப் படுக்கலாகாது. இம்மூன்று விதிகளையும் நான் இங்குப் பிழையின்றிக் காத்தேன். பிழையெல்லாம் அதனால்தான் வந்தது.

வானூர்தி நிலையத்தில் சுங்க அலுவலர் ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்றார். ஆறு என்றேன். அவர் விழித்தார். வேளாண் விளைபொருளா என்றார், இல்லை. மருந்தா என்றார், இல்லை. விற்பதற்கா என்றபோது என் ஆங்கிலம் சினத்தில் தடுமாறி, இது என் உறவினர் என்று சொல்லிவிட்டேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. 'நீர்மம், வணிக நோக்கம் இல்லை' என்று எழுதி முத்திரையிட்டார். இந்நாட்டில் என்னைப் பற்றிய ஆவணங்களிலும் ஏறத்தாழ அதே பொருள் தரும் சொற்களே உள்ளன.

3

என் மகன் நெல்லையப்பன் கம்பியில்லாக் கணினி அட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் தொழிலில் இருக்கிறான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் நெல்சன். நெல்லையப்பன் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவர்களே அப்படி வைத்துக்கொண்டார்களாம். "விடுங்கப்பா, கூப்பிட்டா திரும்பிப் பாத்தா சரி" என்றான். நான் அவனுக்கு அப்பெயர் வைக்க எத்தனை பேரிடம் வாதாடினேன் என்பது அவனுக்குத் தெரியாது.

அவன் எனக்கு ஒரு பழைய மடிக்கணினி தந்தான். அதன் விலாவில் ஒரு பிளவு. அதில் சீட்டளவு உள்ள ஓர் அட்டையைச் செருக வேண்டும். அட்டையின் நுனி விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு சிறு பச்சை விளக்குகள். ஒன்று அட்டை விழித்திருக்கிறது என்பதற்கு. மற்றது செய்தி போய்வருகிறது என்பதற்கு. கூடத்து நூலடுக்கின் மேல்தட்டில் ஓர் அலைப்பெட்டி இருந்தது. இணையக் கம்பி அப்பெட்டியில் வந்து முடியும். பெட்டியிலிருந்து என் அறைக்குச் சுவரை ஊடுருவிக் கம்பியின்றி அலையாக வரும். தொண்ணூற்றொன்பதில் அது அண்டை அயலார் வந்து பார்த்துப் போகும் பொருளாக இருந்தது.

தொலைபேசியில் அக்காவோடு பேச இயலாது, அவருக்குக் கேட்காது. மடல் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். அந்த நேரத்தில்தான் வண்ணார்பேட்டையில் அக்காவின் தெருமுனையில் ஓர் இணைய மையம் திறந்தார்கள். நடத்துபவர் மேலப்பாளையத்துச் செய்யது பாய். துபாயில் பன்னிரண்டாண்டு இருந்து திரும்பியவர். சனிக்கிழமை தோறும் இங்குக் காலை எட்டு மணி, அங்கு மாலை ஆறரை. அக்கா சொல்லச் சொல்லச் செய்யது பாய் அடிப்பார். என் மறுமொழியை அக்கா திரையில் தாமே படித்துக்கொள்வார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருந்தது. அந்த இழிவை இங்குப் படியெடுக்க விரும்பாமல் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதல் நாள் வந்தது இது.

"வாத்தியாரய்யா, ஸலாம். டீச்சரம்மா வந்துட்டாவ. கண்ணாடியத் தொடைக்காவ. இப்பம் உக்காந்துட்டாவ."

"அக்கா நலமாக இருக்கிறீர்களா?" என்று அடித்தேன்.

"நலமா கிலமாவெல்லாம் கடுதாசியில கேளு. அரை மணி நேரம்தாம்லே. காலையில என்ன சாப்பிட்ட, அதச் சொல்லு."

பாலில் ஊறிய சோளப்பொரி என்றேன்.

"டீச்சரம்மா ஒண்ணு சொன்னாவ. அத அடிக்கவா வேண்டாமான்னு தாள்ல எழுதிக் கேட்டேன். அடிங்காவ. 'கோழிக்கும் அதத்தான் போடுவாங்க'ன்னு சொல்லுதாவ."

ஓராண்டு காலம் நான் வாய்விட்டுச் சிரித்தது சனிக்கிழமைகளில் மட்டுந்தான். பேத்தி பூரணி கதவருகே வந்து நின்று, தாத்தா கணினியைப் பார்த்து ஏன் சிரிக்கிறார் என்று தன் தாயிடம் ஆங்கிலத்தில் கேட்பாள்.

4

தை மாதத்தில் சுணக்கம் தொடங்கிற்று. இத்தொழிலில் உள்ளவர்கள் இதற்கு ஓர் ஆங்கிலச் சொல் வைத்திருக்கிறார்கள். கேள்வி போய் மறுமொழி திரும்புவதற்குள் வீணாகும் நேரம் என்பது பொருள். எங்கள் ஊரில் அதைச் சுணக்கம் என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

முதலில் நான்கு நொடி, பிறகு முப்பது நொடி, சில வேளை இரண்டு நிமிடம். நான் அடித்தது வரிசை வரிசையாய்த் தேங்கி நின்று ஒருங்கே போய் விழும். ஒரு சனிக்கிழமை அக்கா, "பொங்கலு எப்படிலே இருந்துச்சு?" என்று கேட்டார். நான் மறுமொழி அடித்தேன். அது போய்ச் சேரவில்லை. அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார். "எதுத்த வீட்டு ராமையா அண்ணன் நேத்து போய்ட்டாருலே. ராத்திரி தூங்கினவரு, எந்திரிக்கல." அதன் கீழே என் மறுமொழி போய் விழுந்தது: "மிக நன்றாக இருந்தது, அக்கா."

பிறகு செய்யது பாய் அடித்தார். "டீச்சரம்மா சொன்னத நான் அடிக்கல அய்யா. அதுல நாலு வார்த்தை எனக்கே புதுசு."

மகனிடம் முறையிட்டேன். அவன் திரும்பியும் பாராமல், "நம்ம ஊரு லைன் அப்படித்தாம்ப்பா. அங்கன மோடம் போடுத சத்தத்துக்கே பாதி நேரம் போயிரும்" என்றான். ஊரைக் குறை சொல்வது இங்குள்ளவர்களுக்கு முதல் மருந்து. எந்த நோய்க்கும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஆயினும் தொழில் பழக்கம் அவனை விடவில்லை. என் கணினியிலிருந்து கூடத்துப் பெட்டிக்கு ஒரு சிறு வினா அனுப்பினான். 'இருக்கிறாயா' என்று கேட்பது போல. 'இருக்கிறேன்' என்று பெட்டி மறுமொழி தர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி எண்ணிச் சொல்லும். நொடியின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு ஆக வேண்டியது. தொள்ளாயிரம் என்று வந்தது. பிறகு மறுமொழியே வரவில்லை. வண்ணார்பேட்டைக்குப் போகுமுன், பதினைந்து அடித் தொலைவில், எங்கள் வீட்டுக்குள்ளேயே செய்தி தொலைந்துகொண்டிருந்தது.

அவன் முகம் சிவந்தது. "நான் சோதிச்ச அட்டைப்பா இது" என்றான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும் என்பது அவன் தொழில் நெறி. அது என் தொழில் நெறியும் ஆகும். அந்தச் சில வாரங்கள் நாங்கள் தந்தையும் மகனுமாக இருந்தோம் என்று சொல்ல வேண்டும். நான் குறிப்பேடு வைத்துக்கொண்டேன். அவன் வாரத்துக்கு ஒன்றாக மாற்றினான். மின்சாரம் மிச்சம் பிடிக்க அட்டை இடையிடையே உறங்கிவிடும் என்றான். அந்த உறக்கத்தை நிறுத்தினான். எண் சிறிது குறைந்து மீண்டும் ஏறிற்று. அட்டையை இயக்கும் மென்பொருளைப் புதியதாக்கினான். பயனில்லை. அலைவரிசை மாற்றினான், ஆறாம் வரிசையிலிருந்து ஒன்றுக்கு, ஒன்றிலிருந்து பதினொன்றுக்கு. நுண்ணலை அடுப்பும் இதே அலையில்தான் இரையும் என்று சொல்லி, சனிக்கிழமை காலையில் அதில் எதையும் சூடாக்கக் கூடாது என்று மருமகளுக்குத் தடை விதித்தான். இட்டலியை ஆறிய நிலையில் தின்றோம். அட்டையையே மாற்றினான், புது அட்டையும் அதே நோயில் விழுந்தது.

"இதுல என்னமோ இருக்குப்பா. அட்டைய நான் நம்புதேன்" என்றான். அவன் வாயில் 'நம்புதேன்' என்ற ஊர்ச்சொல் வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

5

மாசி நடுவில், இந்தச் சோதனைகளுக்கு இடையே, அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏலே, கவனமாப் படி. வீட்டுக்காரன் மகனுக்குக் கல்யாணம், வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டான். தனியா இன்னொரு வீடு பாக்க எனக்குத் தெம்பில்ல. பாளையங்கோட்டையில சிஸ்டர்மாரு நடத்துத முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கு. பங்குனி உத்திரம் வரைக்கும் எனக்காக வச்சிருப்பாங்களாம். நீ இங்கன வந்து இருக்கேன்னா சொல்லு, ரெண்டு பேருக்குமா ஒரு வீடு பாக்கேன். வரலைன்னா நான் கட்டிலுக்குச் சரின்னு சொல்லிருதேன். வாரியா, வரலையா?"

ஒரு சொல்லில் முடியும் கேள்வி. நான் ஒன்றும் அடிக்கவில்லை.

சிறிது நேரம் கழித்துச் செய்யது பாயே அடித்தார். "அய்யா, ஒங்க பதில் வரல. இன்னைக்கும் லைன் படுத்துது போல. டீச்சரம்மாட்ட அப்படித்தான் எழுதிக் காட்டிருக்கேன்."

அதைப் படித்தபோது எனக்குள் எழுந்தது ஆறுதல். இதைத்தான் நான் இங்கு எழுத வந்தேன். மற்றவை எல்லாம் இதற்குச் சூழல்.

அந்த வாரமே குடியேற்ற அலுவலகம் சென்றேன் என்பதும் உண்மை. இந்நாட்டில் நிலையாகத் தங்கும் அட்டை பெற்றவன் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாததாகும். முன்னரே ஒரு படிவம் நிரப்பி இசைவு பெற வேண்டும். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண் எதற்காகப் போகிறாய் என்றாள். தமக்கையைப் பார்த்துக்கொள்ள என்றேன். தமக்கை உன் குடும்பமா என்றாள். ஆம் என்றேன். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள்: குடும்பம் என்ற தலைப்பின் கீழ் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்று கட்டங்கள் இருந்தன. தமக்கைக்குக் கட்டம் இல்லை. 'பிற' என்ற கட்டத்தில் குறியிடு என்றாள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிற என்ற கட்டத்தில் அக்காவை அடைப்பதா என்று சினந்து அதை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அச்சினம் எனக்கு மிக வசதியாக இருந்தது. இங்கு எனக்குச் சூடான அறை இருக்கிறது. இதயத்துக்கு மருத்துவர் இருக்கிறார். கையெட்டும் தொலைவில் நூலகம் இருக்கிறது. அங்கே போனால், செவி கேளாத எழுபத்து நான்கு வயதுத் தமக்கைக்கு அறுபத்தெட்டு வயதுத் தம்பி கஞ்சி வைக்க வேண்டும். ஐந்தாண்டு எனக்கு அவர் வைத்தார். நான் வைப்பேனா என்று என்னையே கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை. அதற்கு எந்த அட்டையும் பொறுப்பன்று.

6

பங்குனி பிறக்கும் முன் பழுதைக் கண்டுபிடித்தவன் நானே. மகன் அல்லன்.

மகன் சொற்படி மடிக்கணினியை வீடெங்கும் தூக்கிச் சென்று அளந்து எழுதினேன். கூடத்தில் மூன்று. அடுக்களையில், பெட்டிக்கு அது வெகு தொலைவாயினும், ஐந்து. மாடியில் எட்டு. என் அறையில் மட்டும் தொள்ளாயிரம். ஆகவே காரணம் தொலைவன்று. பெட்டிக்கும் என் அறைக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். சுணக்கம் தொடங்கியது தை அமாவாசை வாரம்.

தை அமாவாசை அன்று நான் குடத்தை இடம் மாற்றினேன்.

அதுவரை குடம் என் அறை அலமாரியின் மேல் இருந்தது. பனி மிகுந்ததும், வெப்பக் காற்று வரும் துளையை நோக்கிக் கட்டிலைத் திருப்பிப் போட்டான் மகன். படுத்தால் என் கால் குடத்தைப் பார்த்தது. ஆற்றுக்குக் கால் நீட்டி உறங்க மனம் ஒப்பவில்லை. வீடெங்கும் தேடினேன். தலைக்கு மேலான உயரம், யார் காலும் நீளாத திசை, அடுக்களை அல்லாத இடம், எல்லாம் பொருந்தியது கூடத்து நூலடுக்கின் மேல்தட்டு ஒன்றே. அங்கே அலைப்பெட்டி இருந்தது. பெட்டியைச் சற்று முன்னே இழுத்துவிட்டு, அதற்கும் என் அறைச் சுவருக்கும் நடுவில் குடத்தை நிறுத்திக் குங்குமமும் இட்டேன்.

செம்பு அலையைத் திருப்பி எறியும். நீர் அலையைக் குடித்துவிடும். இதை மகனுடைய தொழிற்கையேட்டில் பின்னர் வாசித்தேன். வீட்டில் இருப்பவற்றுள் இரண்டையும் ஒருங்கே செய்யவல்ல பொருள் அது ஒன்றுதான். அதை அளந்து வைத்தாற்போல் பெட்டியின் முதுகில் வைத்திருந்தேன்.

குறிப்பேட்டில் 'குடம் மாற்றிய நாள்' என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். பிறகு குறிப்பேட்டை மூடினேன். மகனிடம் சொல்லவில்லை.

வைக்க வேறு தூய இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடத்தை ஓர் அரை மணி நேரம் என் மடியில் வைத்துக்கொண்டே அக்காவோடு பேசியிருக்கலாம். மடி தூய இடந்தான். அது எனக்குத் தோன்றாமல் இல்லை.

இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. இரண்டிலும் அக்கா கேட்டார். இரண்டிலும் நான் 'பேசலாம் அக்கா' என்று ஏதோ அடிக்க, அது பாதி போய்ப் பாதி போகாமல் நின்றது. "சவத்து மெஷினு" என்று அக்கா சொன்னதைச் செய்யது பாய் அடித்தார்.

7

பூரணிக்குப் பள்ளியில் ஒரு காட்சி. தாத்தா பாட்டி நாட்டிலிருந்து வந்த ஒரு பொருளை ஒவ்வொரு பிள்ளையும் கொண்டுவர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையில் அவள் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, இதன் காலாவதி நாள் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இதற்குக் காலாவதி இல்லை என்றேன். எல்லா நீருக்கும் உண்டு, தாத்தா, கடையில் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். குடம் அவளோடு போயிற்று. நான் தடுத்திருக்கலாம். தடுக்க என்ன காரணம் சொல்வது என்று எண்ணி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது.

மாலையில் மகன் என் அறைக்கு வந்து வழக்கம் போல அளந்தான். மூன்று. மீண்டும் அளந்தான். மூன்று. எழுந்து கூடத்துக்குப் போய், வெற்றிடமான மேல்தட்டைப் பார்த்து நின்றான். பிறகு அவன் சிரித்த சிரிப்பு, இந்நாட்டுக்கு வந்த பின் நான் கேளாதது.

"ஒம்பது வாரமா ஆத்துத் தண்ணி கூடல்லா சண்டை போட்டிருக்கோம்!"

நாளையும் இடத்தையும் ஒத்துப் பார்க்க என் குறிப்பேட்டைப் புரட்டினான். சிவப்புக் கோட்டில் அவன் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"அப்பா, இது ரெண்டு வாரத்துக்கு முந்தி எழுதினதுல்லா? ஒங்களுக்குத் தெரியுமா?"

அவனே எனக்கு ஒரு மறுமொழி செய்து தந்தான். "சாமி காரியம், எடுக்கச் சொல்லிருவேன்னு சொல்லாம இருந்தியளாக்கும்."

தலையை அசைத்தேன். தலையசைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

அவன் அன்றிரவே செய்யது பாய்க்கு மின்மடல் அனுப்பிவிட்டான். 'அத்தையிடம் சொல்லுங்கள், பழுது நீங்கிற்று, இனி அப்பா அடித்தால் அடித்த நொடியே வரும்' என்று. எனக்கு நன்மை செய்வதாக எண்ணித்தான் செய்தான்.

8

சனிக்கிழமை காலை எட்டு மணி. இரண்டு விளக்குகளும் எரிந்தன.

"வாத்தியாரய்யா, ஸலாம். தம்பி மடல் பாத்தோம். டீச்சரம்மா இன்னைக்குச் சுறுக்கா வந்துட்டாவ."

"ஏலே, இருக்கியா?"

"இருக்கிறேன் அக்கா."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"ஏழும் எட்டும்?"

"பதினைந்து."

"அடேயப்பா. கேக்குததுக்கு முன்னாடி வருது. லைட்டு எரியுதா?"

"எரிகிறது அக்கா. இரண்டும்."

"அப்பம் லைன் நல்லாருக்கு."

கணக்கு ஆசிரியை. கணக்கைப் போடுமுன் கருவியைச் சரிபார்த்துக்கொண்டார். மகன் கூடத்துப் பெட்டிக்கு அனுப்பும் அதே வினாவைத்தான் அவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். மறுமொழிகள் எல்லாம் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தன. பிறகு கேட்டார்.

"உத்திரத்துக்கு நாலே நாளுதாம்லே இருக்கு. வாரியா, வரலையா?"

என் விரல்கள் விசைப்பலகையின் மேல் இருந்தன. 'வருகிறேன்' என்று அடித்தேன். அதை அனுப்பும் விசையை அழுத்தாமல் ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன். 'வர இயலாது' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

செய்யது பாய் அடித்தார். "அய்யா?"

பிறகு, "டீச்சரம்மா திரையையே பாத்துட்டு இருக்காவ. லைன்ல கோளாறு போலன்னு எழுதிக் காட்டினேன். கையக் காட்டி 'பைய இரும்'னு சொல்லிட்டாவ."

நான் மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு அவர் கேட்டார். எட்டு இருபதுக்கு அடுத்த வரி வந்தது. இடையில் பதினொரு நிமிடம்.

"சரிலே. பதில் வந்துட்டு."

உடனே அடித்தேன்: "அக்கா, நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே." அது அடித்த நொடியே போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததற்கு அடையாளமாக விளக்கு எரிந்து அணைந்தது.

செய்யது பாயின் வரி ஒன்று மட்டும் வந்தது. "அய்யா, டீச்சரம்மா எந்திரிச்சுப் போய்ட்டாவ. நேரம் இன்னும் பாக்கி இருக்கு. நான் வேணா ஓடிப்போய்க் கூப்பிடவா?"

வேண்டா என்று அடித்தேன். அதற்கு மட்டும் எனக்குச் சுணக்கம் இல்லை.

9

அக்கா உத்திரத்துக்கு முந்தின நாள் இல்லத்தில் சேர்ந்தார். வைகாசியில் ஒரு வான்வழி மடல் வந்தது. சாய்வில்லாத, கட்டம் போட்டாற்போன்ற அதே கையெழுத்து. 'இடம் நன்றாக இருக்கிறது. செபத்துக்கு அடிக்கும் மணி எனக்குக் கேட்பதில்லை. ஆகையால் தொல்லை இல்லை. மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.'

எழுதினேன். ஐந்து மடல்கள். ஐந்திலும் இங்குள்ள தட்பவெப்பம் பற்றி விரிவாக இருக்கிறது.

குடம் பள்ளியிலிருந்து திரும்பி வந்தது. அதன் வயிற்றில் ஆசிரியை ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: இந்திய ஆற்று நீர், குடிப்பதற்கன்று. மகன் அதை நிலவறையில் கொதிகலன் பக்கத்தில் வைத்திருக்கிறான். அங்கே எந்த அலையையும் அது தடுக்காது. தரையில்தான் இருக்கிறது. அதைத் தூக்கி வைக்க உயரமான இடம் தேடும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அட்டை இன்றும் செவ்வனே இயங்குகிறது. சனிக்கிழமை காலையில் கணினியைத் திறந்து, பழக்கத்தால், பெட்டிக்கு அந்தச் சிறு வினாவை அனுப்புகிறேன். மூன்று என்று வருகிறது.

இதை வாசிப்பவர் திருத்த வேண்டியவை இருக்கலாம். அலை, அட்டை பற்றி நான் எழுதியவற்றில் தொழிலறிந்தோர் பிழை கண்டால் தெரிவிக்க வேண்டுகிறேன்; மகனிடம் காட்டிச் சரிபார்க்க எனக்குத் துணிவில்லை. ஊரார் பேசிய சொற்களை நினைவிலிருந்தே எழுதினேன்; ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம்.

செய்யது பாய்க்குத் தனியே ஒரு வேண்டுகோள். லைன் சரியில்லை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த மௌனத்தைப் பதினொரு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். அது என் மேசைக் கடிகாரத்தின் கணக்கு. அக்காவின் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அங்கே அது அதைவிட நீண்டிருந்தால், எவ்வளவு என்று எழுதித் திருத்துங்கள்.